948 சி.சி. குடும்பம்!

உங்க ஹாஸ்டல் ரூம் சுவத்துல என்ன ஒட்டியிருக்கீங்க? எங்க காலேஜ் பசங்க ரூம்ல நயன்தாராவுக்குப் பக்கத்துல கண்டிப்பா ஒரு கார் படம் இருக்கும். பெரும்பாலும் ஃபோர்டு மஸ்டாங். கொஞ்சம் விவரமானவனா இருந்தா, 1964-ல வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. 'மஸில் கார்'னு பேச ஆரம்பிச்சா மெஸ் மூடுற வரைக்கும் நிறுத்த மாட்டானுங்க.

அந்த ஜி.டி.ஓ-வோட இன்ஜின் 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர். வகுத்துப் பாருங்க. ஒரு சிலிண்டர் மட்டுமே கிட்டத்தட்ட 800 சி.சி. அதாவது நம்ம ஊர் மாருதி 800-ஓட முழு இன்ஜின், அந்த வண்டியில ஒரே ஒரு சிலிண்டர்!

எங்க வீட்டுலயும் ஒரு பழைய கார் இருக்கு மக்களே. நாலு சிலிண்டரும் சேர்த்தே 948 சி.சி.தான். மஸில் எல்லாம் கிடையாது, வெறும் எலும்பு. ஆனா அந்த எலும்பைக் கழட்டி, சுரண்டி, திரும்ப மாட்டி ஓட வெச்சதுல எங்க குடும்பத்துல ஆறு பேருக்கும் பங்கு இருக்கு. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்ககிட்ட சொல்லப் போறேன். மெக்கானிக்கல் படிக்காதவங்களும் தைரியமா படிக்கலாம். ஃபார்முலா எதுவும் வராது, சத்தியம்!

வண்டி பேரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உங்க தாத்தா, பாட்டிகிட்ட கேட்டா உடனே கண்ணு விரியும். 1959-ல இங்கிலாந்துல 'ட்ரையம்ப் ஹெரால்டு'ங்கிற பேர்ல வந்த கார். டிசைன் பண்ணவர் இத்தாலிக்காரரான ஜோவானி மிக்கலோட்டி. அதையே 1960-கள்ல நம்ம வண்டலூர்ல 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'ன்னு தயாரிச்சாங்க. ஆமா பாஸ், மிருகக்காட்சி சாலைக்கு மட்டும்தான் வண்டலூர் பேர் போனதுனு நினைச்சுக்கிட்டு இருந்தா, திருத்திக்கங்க. கல்கத்தாவுக்கு அம்பாஸடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்டு... இதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. ஸ்டாண்டர்டு கம்பெனி 1980-கள்ல 'ஸ்டாண்டர்டு 2000'னு ஒரு பெரிய காரை இறக்கிப் பார்த்து, அது எடுபடாமப் போய், அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள கடையைக் கட்டிருச்சு.

எங்க வண்டி 1966 மாடல், ரெண்டு கதவு. (நாலு கதவு ஹெரால்டு அந்தப் பத்து வருஷத்தோட கடைசியில வந்தது. அது இந்தியாவுக்கு மட்டுமே செஞ்ச ஸ்பெஷல்.) தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவர். லால்குடி பக்கத்துல இருக்கிற எங்க கிராமத்துல இருந்து தினமும் ரயில்ல போய்ட்டு வருவார். 1981-ல பி.எஃப். லோன் போட்டு, இந்தக் காரை செகண்ட் ஹேண்டா வாங்கினார். ஊர்ல முதல் கார். அப்பாயி இன்னிக்கும் சொல்லும்: "எனக்கு ஒரு ஜோடி வளையல் கேட்டேன். நாலு சக்கரத்தை ஓட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு!"

2003-ல அந்தக் கார் நின்னு போச்சு. எப்படினு சொல்றதுக்கு முன்னாடி எங்க அப்பாவைப் பத்திச் சொல்லணும். அப்பா லால்குடியில மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கார். புல்லட்டுல இருந்து டிராக்டர் வரைக்கும் ஓட்டுவார். ஆனா எனக்கு விவரம் தெரிஞ்சு எந்தக் காரோட ஸ்டியரிங்கையும் அவர் தொட்டது இல்லை. கல்யாணத்துக்குப் போனாலும் டிரைவர் வெச்ச வேன்தான். ஏன்னு கேட்டா, "எனக்கு அது ஒத்து வராது"னு சொல்லிட்டு எழுந்து போய்டுவார்.

அம்மாதான் ஒரு நாள் சொன்னாங்க. கல்யாணமான புதுசு. அப்பா ஹெரால்டை ஓட்ட, ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் வேன்ல பின்னாடி வர, குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்காங்க. வழியில ஒரு சின்னப் பள்ளம். வலது பக்க முன் சக்கரம் அப்படியே மடிஞ்சு உள்ள படுத்துருச்சு. வண்டி வாய்க்கால்ல இறங்கி நின்னிருக்கு. அம்மாவோட கண்ணாடி வளையல் உடைஞ்சதைத் தவிர, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனா, சம்பந்தி வீட்டுக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் தாத்தா சொன்ன வார்த்தை: "ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவ்வளவுதான். வண்டியை டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்து கொட்டகையில போட்டாங்க. மேல தார்ப்பாய் விழுந்தது. அப்பாவும் தாத்தாவும் ஒரே வீட்டுல ஒண்ணாதான் சாப்பிடுறாங்க. நெல் விலை பேசுவாங்க, கரன்ட் பில் பேசுவாங்க. கார் பத்தி மட்டும் 21 வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. ரெண்டு பேருக்கும் நடுவுல தார்ப்பாய் போர்த்திக்கிட்டு ஒரு ஹெரால்டு நின்னுக்கிட்டே இருந்தது.

2024 மே லீவு. கொட்டகையை இடிச்சுட்டு மாடு கட்ட ஷெட் போடணும்னு பேச்சு வந்தது. காயலான் கடைக்காரர் வந்து சுத்திப் பார்த்துட்டு எடைக்கு விலை சொன்னார். தாத்தா திண்ணையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தார். அவருக்கு பார்கின்சன். டீ கிளாஸைக்கூட ரெண்டு கையால பிடிச்சாதான் நிக்கும். ஒண்ணும் சொல்லலை. காயலான் கடைக்காரர் போனதும் என்னைப் பார்த்து, "பாப்பா, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற?"னு மட்டும் கேட்டார்.

எங்க கிளாஸ்ல அறுபது பேர். அதுல மூணு பொண்ணுங்க. "ஏம்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலையா?"னு கேட்காத சொந்தக்காரங்களே கிடையாது. என்னை முதன்முதலா ஒரு மெக்கானிக்கா மதிச்சுக் கேட்டது தாத்தாதான். விடுவேனா?

சும்மா சொல்லக் கூடாது, ஹெரால்டு மாதிரி வீட்டுல வெச்சுப் பிரிக்க வசதியான வண்டி கிடையாது. காரணம், ஒரு வியாபாரச் சிக்கல். அந்த நேரத்துல இங்கிலாந்து கம்பெனிக்கு முழு பாடியையும் ஒரே கூடா அடிச்சுக் குடுக்க ஆள் கிடைக்கலை. அதனால தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டா செஞ்சு அது மேல போல்ட் போட்டு முறுக்கிட்டாங்க. பானெட்டும் ரெண்டு பக்க மட்கார்டும் ஒரே பீஸ். முன்பக்கமா சாய்ச்சா, முதலை வாயைத் திறந்த மாதிரி மொத்த இன்ஜினும் வெளியில தெரியும். முன் டயர் மேலயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். எங்களுக்கு ஸ்டூல் செலவு மிச்சம்!

வேலையைப் பிரிச்சோம். எட்டாவது படிக்கிற தம்பிதான் ஸ்டோர் கீப்பர். கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் கவர்ல போட்டு, எங்க இருந்து வந்ததுனு எழுதி, போன்ல போட்டோ எடுத்து வெப்பான். அம்மா டெய்லரிங் மெஷின் வெச்சிருக்காங்க. பழைய சீட் கவரைத் தையல் பிரிச்சு, அதையே பேட்டர்னா வெச்சு புது ரெக்ஸின் வெட்டினாங்க. சாதா ஊசி ரெக்ஸின்ல உடைஞ்சுட்டே இருந்தது. 18-ம் நம்பர் ஊசி மாத்தினதும் வழிக்கு வந்தது. அப்பாயி வடாம் காயப் போடுற மாடியைத் தியாகம் பண்ணிச்சு. அங்கதான் என் துரு லேப்.

துரு லேப் மேட்டர் உங்களுக்கும் உபயோகப்படும், கேட்டுக்கங்க. ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறையத் தண்ணி. 10 லிட்டருக்கு ரெண்டு மூணு கரண்டி சலவை சோடா. துருப்பிடிச்ச பார்ட்டை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ்ல மாட்டணும். பாசிட்டிவ்ல ஏதாவது பழைய இரும்புத் தகடு. ரெண்டும் தண்ணிக்குள்ள தொட்டுக்கக் கூடாது. ராத்திரி முழுக்க விட்டா, காலையில துரு கறுப்புச் சேறா வழிஞ்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சாலே போய்டும். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில மனப்பாடம் பண்ணின அதே எலக்ட்ராலிஸிஸ்தான். ரெண்டு எச்சரிக்கை: ஹைட்ரஜன் வாயு வரும், அதனால வீட்டுக்குள்ள செய்யவே கூடாது. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெக்காதீங்க, அதுல இருக்கிற குரோமியம் தண்ணியை விஷமாக்கிடும்.

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. தாத்தா வைத்தியம்: ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலயும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊத்தி, ஊற விடணும். எத்தனை நாள்? "அது சொல்ற வரைக்கும்." ஒன்பது நாள் ஊத்தினோம். பத்தாவது நாள் டாப் கியர் போட்டு வண்டியை முன்னும் பின்னுமா அசைச்சோம். முதல் கியரைவிட டாப் கியர்லதான் சக்கரத்துல இருந்து இன்ஜினைச் சுலபமா திருப்ப முடியும். 'க்ரக்'னு ஒரு சத்தம். ஃபேன் அரை விரல்கடை திரும்பிச்சு. தம்பி விசில் அடிச்ச சத்தத்துல பக்கத்து வீட்டு மாடு கயித்தை அத்துக்கிச்சு.

அடுத்தது, அந்த வலது முன் சக்கரம்.

அன்னிக்கு தாத்தா உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துட்டு வந்தார். ஆயில் துணியில சுத்தின ஒரு இரும்புத் துண்டு. 2003-ல உடைஞ்ச பார்ட். சக்கரத்தைத் தாங்குற செங்குத்தான இரும்புக் கை ஒண்ணு இருக்கும். அதோட அடிப்பக்கத்து மரை, 'ட்ரனியன்'ங்கிற வெண்கலக் கட்டைக்குள்ள திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையிலதான் சக்கரமே திரும்பும். அந்த மரைக்குப் பக்கத்துல உடைஞ்சிருந்தது. "உங்கப்பன் பள்ளத்துல விட்டு உடைச்சது. பாரு"னு கையில குடுத்தார். 21 வருஷமா சாட்சிப் பொருளா பத்திரப்படுத்தி வெச்சிருக்கார்!

துணியைப் பிரிச்சேன். ஆயில்ல இருந்ததால துரு அதிகம் ஏறலை. உடைஞ்ச முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பக்குனு இருந்தது. நாலாவது செமஸ்டர் மெட்டலர்ஜி லேப்ல எங்க மேடம் இதே மாதிரி ஒரு துண்டைக் காட்டித்தான் பாடம் எடுத்தாங்க. ஒரே அடியில உடைஞ்ச இரும்போட முகம் முழுக்கக் கரடுமுரடா, ஒரே மாதிரி இருக்கும். ஆனா கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு உடைஞ்சதுல, ஒரு பாதி வழவழனு கறுத்து, அலை திரும்பிப் போன மணல் மாதிரி கோடு கோடா இருக்கும். கடைசியா மிச்சம் இருந்த பாதி மட்டும்தான் கரடுமுரடா இருக்கும். தாத்தா கையில குடுத்த துண்டுல பாதிக்கு மேல வழவழப்பு. அதாவது, அந்தப் பள்ளம் வர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே அது விரிசல் விட்டிருக்கு. அன்னிக்கு யார் ஓட்டியிருந்தாலும் உடைஞ்சிருக்கும்.

அப்போ விரிசல் ஏன் வந்தது? வெண்கலக் கட்டைக்குள்ள இருந்த மரையைச் சுரண்டினேன். சோப்புக்கட்டி மாதிரி காய்ஞ்சு போன கிரீஸ். அதுக்கு அடியில துரு. வண்டியோட வந்த கையேடு டிக்கியில இருந்தது. அதுல தெளிவா இருக்கு: ட்ரனியனுக்குக் கியர் ஆயில்தான் விடணும், கிரீஸ் கூடாது. ஆயில்னா மரை முழுக்க இறங்கும். கிரீஸ் பாதி வழியிலயே அடைச்சுக்கிட்டு நின்னுடும். கீழே தண்ணி தேங்கி, மரையை அரிச்சு, அங்க இருந்து விரிசல் கிளம்பும்.

கிரீஸ் வெச்சது யாருனு நான் கேட்கலை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்கிட்டு வந்து, கிரீஸ் கன்னை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுக்கிறது தாத்தாவோட வழக்கம்னு அப்பாயி நூறு தடவை சொல்லியிருக்கு. ரயில்வேயில பழகின கை. ஆசை ஆசையா ஊட்டியிருக்கார்.

கையேட்டை வாங்கிக் கண்ணுகிட்ட வெச்சுப் படிச்சார். அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை வழக்கத்தைவிட அதிகமா ஆடிச்சு. ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டார்: "உங்கப்பன் கடையில இருக்கானா?"

"இருக்காரு தாத்தா."

"டைனமோ சுத்தணும். அவனை விட்டா இந்தப் பக்கத்துல யாருக்கும் தெரியாதுனு சொல்லு."

நான் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினேன். அப்பாகிட்ட அந்தத் துண்டைக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். அவர் அதைக் கையில வெச்சு அமுக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் துணியில பழையபடி சுத்தி என்கிட்ட குடுத்துட்டு, "சரி. அவர்கிட்ட இதைத் திரும்ப எடுக்காத"னு சொன்னார். அவ்வளவுதான். ராத்திரி கடையை மூடிட்டு வந்து, சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, டார்ச் லைட்டோட முதலை வாய்க்குள்ள தலையை விட்டார்.

அதுக்கப்புறம் வயரிங் முழுக்க அப்பா பொறுப்பு. பிரிட்டிஷ் வண்டி வயருக்கு ஒரு கலர் பாஷை உண்டு. பழுப்புனா பேட்டரியில இருந்து நேரா வர்றது. வெள்ளைனா சாவி போட்டாதான் உயிர் வரும். நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். எலி கடிச்சது போக மிச்சம் இருந்த துணுக்குகளை வெச்சே அப்பா முழு வயரிங்கையும் புதுசா கட்டினார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலதுல பாசிட்டிவ்தான் எர்த். அதனால பேட்டரி மாட்டுறதுக்கு முன்னாடி எதுனு ரெண்டு தடவை செக் பண்ணிடுங்க.

தாத்தாவால ஃபீலர் கேஜ் பிடிக்க முடியாது. அதனால அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நம்பர் சொல்வார். பாயின்ட் கேப் 15 தவ், பிளக் 25 தவ், வால்வு 10 தவ். (தவ்னா ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு.) ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. எல்லாம் மனப்பாடம். பிரேக்குக்கு மட்டும் நான் யார் பேச்சையும் கேட்கலை. ரப்பர், பைப் எல்லாமே புதுசு. ட்ரனியனும் இரும்புக் கையும் இங்கிலாந்துல இன்னும் புதுசா கிடைக்குது. பார்ட் விலையைவிட, அது நம்ம ஊர் வந்து சேர்ற செலவுதான் கண்ணைக் கட்டிச்சு. அம்மாவோட சீட்டுப் பணம் அதுல போச்சு.

2025 நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. ரெண்டு தடவை இருமி, ஒரு தடவை கறுப்பா புகையைத் துப்பி, ஹெரால்டு பேச ஆரம்பிச்சது. தாத்தா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். "மூணாவது சிலிண்டர் பிடிக்கலை." பிளக் வயரை அழுத்தினேன். ஆமா, அதான். எங்க நெல் காயப் போடுற களத்துலதான் ட்ரையல். நான் டிரைவர் சீட்டுப் பக்கம் போனேன். தாத்தா அப்பாவைப் பார்த்தார். "பாப்பாவுக்குக் கியர் பழக்கம் இல்லை. முதல் கியர் வண்டி நின்னப்புறம்தான் விழும். நீ எடு."

அப்பா செருப்பைக் கழட்டிட்டு ஏறினார். களத்தை மூணு சுத்து. அந்த வண்டி 25 அடி வட்டத்துல திரும்பிடும், களமே பெருசாத் தெரிஞ்சது. மூணாவது சுத்துல நிறுத்தி, இந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். தாத்தா ஏறிக்கிட்டார். உள்ளே என்ன பேசினாங்கனு தெரியாது. இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேட்கலை.

சரி, இப்ப உங்க டர்ன். உங்க வீட்டுக் கொட்டகையிலயும் ஒரு ஹெரால்டோ, யெஸ்டியோ, ராஜ்தூத்தோ தூங்கிட்டு இருக்கலாம். இதைக் குறிச்சுக்கங்க. முதல்ல ஆர்.சி. புக்கைத் தேடுங்க, அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்க. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டின, பெரிசா மாத்தாத வண்டிகளுக்கு 2021-ல மத்திய அரசு 'விண்டேஜ்' பதிவு விதிகள் கொண்டு வந்திருக்கு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். ஆனா தினமும் காலேஜுக்கு ஓட்டிட்டு வந்து சீன் போட முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான் அனுமதி. எங்க வண்டிக்கும் இனிமேதான் விண்ணப்பிக்கணும், அதுவரை களம்தான் எங்க ஹைவே. அடுத்தது, இப்ப பங்க்குல கிடைக்கிறது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸை அது தின்னுடும். எத்தனால் தாங்குற ஹோஸ் மாத்துங்க. நம்ம ஊர் பெட்ரோல்ல 2000-ல இருந்து ஈயம் கிடையாது. ஈயத்தை நம்பி செஞ்ச பழைய இன்ஜின்ல வால்வு சீட் தேயும். ஹெட்டைக் கழட்டினா அதையும் பார்த்துடுங்க. உடைஞ்ச எந்தப் பார்ட்டையும் தூக்கிப் போடாதீங்க, முக்கியமா உடைஞ்ச முகத்தை.

எங்க ஹெரால்டு இப்போதைக்கு சாம்பல் கலர் பிரைமர்ல நிக்குது. பெயின்ட்டுக்கு வெச்சிருந்த காசு என் செமஸ்டர் ஃபீஸுக்குப் போய்டுச்சு. தாத்தா பழைய வெளிர் நீலமே வேணும்ங்கிறார். அப்பா க்ரீம்னா அழுக்கு தெரியாதுனு சொல்றார். க்ரீம்லதான்டா அழுக்கு தெரியும்னு தாத்தா கத்துறார். தினமும் ராத்திரி சாப்பாட்டுல இதே சண்டைதான். 21 வருஷ பாக்கியை வட்டியோட தீர்க்கிறாங்க போல. நாங்க குறுக்கே பேசுறது இல்லை.